இரண்டுங்கெட்டான் வயதுக்கு யார் துணை?

கை, கால் முறிந்தால் புத்தூர் கட்டு. தமிழ்நாட்டில் இது தெரியாதவர் குறைவு. ஆனால் பிழைப்புக்காக இதே புத்தூருக்கு வந்து குடியேறிய குடும்பத்தில், 14 வயதுப் பையனுக்கு மனம் குழம்பினால் யாரிடம் போவது? உடம்பில் ஏற்படும் மாறுதலைக் கண்டு பெண் குழந்தை பயந்தால் யாரிடம் கேட்பது?

சொந்த ஊராக இருந்தால் பாட்டி இருப்பார், அத்தை இருப்பார், மாமன் மகன் இருப்பான். இங்கே தகப்பனார் காலை ரயிலில் போனால் இரவுதான் திரும்புகிறார். வீட்டில் தமிழ், வெளியில் தெலுங்கு. பிள்ளையின் கேள்விக்குப் பெட்டிக்கடை வாசலும் கைப்பேசியும்தான் பதில் சொல்கின்றன.

தோழன் சொன்னால் கேட்பான்

10 முதல் 19 வயது வரை உள்ளவர்களுக்காக மத்திய அரசு 2014-ம் ஆண்டு ஜனவரியில் ஒரு நலத் திட்டத்தைத் தொடங்கியது. சத்துணவு, இனப்பெருக்க நலம், மன நலம், காயம் மற்றும் வன்முறை தடுப்பு, போதைப் பழக்கம், தொற்றா நோய்கள் ஆகிய ஆறும் அதில் அடங்கும்.

அப்பா சொன்னால் காதில் ஏறாதது, தோழன் சொன்னால் ஏறும். இதை உணர்ந்தே திட்டம் வகுத்தார்கள். ஆயிரம் பேர் வாழும் இடத்தில் இரண்டு பையன்கள், இரண்டு பெண்கள் என நால்வரைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி தர வேண்டும். அவர்கள் தங்கள் வயதினரைக் கூட்டிப் பேச வேண்டும். ஆஷா ஊழியர் துணை நிற்பார்.

இது புது யோசனை அல்ல. 1907-ல் இங்கிலாந்தின் பிரவுன்சி தீவில் பேடன் பவல் சுமார் 20 சிறுவர்களை நான்கு குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறுவனையே தலைவனாக்கினார். சாரணர் இயக்கம் அப்படித்தான் முளைத்தது.

சோம்பல் அல்ல, சோகை

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, ஆந்திராவில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு ரத்த சோகை. பெண் சோர்ந்து உட்கார்ந்தால் 'சோம்பேறி' என்று திட்டுகிறோம். ரத்தக் குறைவு என்று நினைப்பதில்லை.

இதற்காகவே வாரம் ஒருமுறை இரும்புச் சத்து மாத்திரை தரும் திட்டம் இருக்கிறது. பள்ளியில் படிப்பவர்களுக்குப் பள்ளியிலும், படிப்பை நிறுத்திய பெண்களுக்கு அங்கன்வாடியிலும் நீல நிற மாத்திரை தர ஏற்பாடு. வயிற்றைப் புரட்டுகிறது என்று சிலர் எறிந்து விடுகிறார்கள். சாப்பிட்ட பிறகு போட்டுக் கொண்டால் அந்தத் தொல்லை குறையும். நான்கு தோழிகள் சேர்ந்து போட்டுக் கொண்டால் எறிய மனம் வராது.

அதே ஆய்வு இன்னொன்றும் சொல்கிறது. 20 முதல் 24 வயதுப் பெண்களில், 18 வயதுக்கு முன்பே மணமானவர்கள் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 13 பேர். ஆந்திராவில் 29 பேர். 'இங்கே எல்லோரும் செய்கிறார்கள்' என்று நாமும் அவசரப்பட வேண்டாம்.

வாரம் ஒரு மணி நேரம்

எல்லாவற்றையும் அரசே செய்யட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. நம்மவர்கள் பத்துக் குடும்பங்கள் சேர்ந்தால் போதும். கோயில் மண்டபமோ, வாடகை இல்லாத ஒரு திண்ணையோ இடமாகும். ஞாயிறு மாலை ஒரு மணி நேரம். முதலில் விளையாட்டு, பிறகு பேச்சு. பையன்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி. தெலுங்குப் பிள்ளைகளும் வரட்டும்.

இரண்டு பெரியவர்கள் எப்போதும் உடன் இருக்க வேண்டும். ஆனால் பேச்சை நடத்துவது பிள்ளைகளாக இருக்கட்டும். மாதம் ஒருமுறை அரசு ஆஸ்பத்திரி நர்ஸை அழைக்கலாம். அங்கே சொன்னதைத் தெருவில் பேசக் கூடாது. ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் மறைக்கக் கூடாது: குழந்தைகள் உதவிக்கு 1098, மனக் கலக்கத்துக்கு 14416. இரண்டும் இலவசம், 14416-ல் தமிழிலும் பேசலாம்.

பிள்ளைகளுக்காகத்தான் ஊரை விட்டு வந்தோம். சம்பளத்தில் ஒரு பங்கை அவர்களுக்கு ஒதுக்குகிறோம். ஞாயிற்றுக்கிழமையில் ஒரு மணி நேரத்தையும் ஒதுக்குவோம்.