சென்சாரும் மணமேடை வெளிச்சமும்

ஃபுல் ஃபிரேமா, கிராப்பா என்ற கேள்வியே ஃபிலிம் காலத்தில் எழவில்லை. ஸ்டூடியோக்காரரின் நிக்கான் எஃப்எம்2 ஆனாலும், வீட்டு பீரோவில் இருந்த யாஷிகா எம்எஃப்-2 ஆனாலும் உள்ளே போட்டது ஒரே 35 மி.மீ. ரோல்தான். படத்தின் அளவும் 36×24 மி.மீ.தான். ஏற்றத்தாழ்வு லென்ஸில் இருந்தது, ஃபிலிமில் இல்லை.

டிஜிட்டல் வந்ததும் அந்தச் சமநிலை போயிற்று. ஃபிலிமின் அளவுள்ள ‘ஃபுல் ஃபிரேம்’ சென்சாரைச் சிலிக்கான் தகட்டில் பழுதில்லாமல் வார்த்தெடுப்பது பெரும்பாடு. எங்கேனும் ஒரு குறை விழுந்தால் முழுச் சென்சாரும் வீண். அதனால் 1999-இல் நிக்கான் டி1 ‘கிராப்’ எனப்படும் சிறிய சென்சாரோடுதான் வந்தது. 300 மி.மீ. லென்ஸ் 450 போலக் காட்டியதில் பறவைப் படம் எடுப்பவர்களுக்குக் கொண்டாட்டம். கல்யாண மண்டபத்திலோ அதுவே இடைஞ்சல். 24 மி.மீ. வைடு லென்ஸ் 36 ஆகிவிடும். மேடை முழுவதையும் ஃபிரேமுக்குள் கொண்டுவரப் பின்னால் நகரலாம் என்றால், அங்கே அட்சதையோடு சொந்தபந்தம் நெருக்கிக்கொண்டு நிற்கும்.

இடத்தைவிட வெளிச்சம்தான் பெரிய தொல்லை. அந்நாளைய கிராப் பாடியில் ஐஎஸ்ஓ 1600 வைத்தால் மணப்பெண்ணின் அரக்குப் பட்டு மடிப்புக்குள்ளும் மாப்பிள்ளையின் தலைமுடியிலும் சிவப்பும் பச்சையுமாகப் புள்ளிகள் மொய்க்கும். வேறு வழியின்றி ஃபிளாஷ் அடிப்பார்கள். குத்துவிளக்கின் மஞ்சள் காணாமல் போகும். ஹோமப் புகை வெள்ளைத் திரையாகி முகங்களை மறைக்கும். எத்தனையோ குடும்பங்களின் ஆல்பத்தில் அந்த விடியற்காலை முகூர்த்தம் நடுப்பகல்போல இருப்பதற்கு இதுதான் காரணம்.

2002-இல் வந்த கேனான் 1டிஎஸ் ஃபுல் ஃபிரேம்தான். ஆனால் விலை சுமார் 8,000 டாலர். 2005-இல் 5டி அதை 3,300 டாலருக்குக் கொண்டுவந்தது. நிக்கானின் முதல் ஃபுல் ஃபிரேம் டிஜிட்டல் 2007-இல் வந்த டி3. அதுவரை அந்த நிறுவனத்தின் டிஜிட்டல் பாடிகளை நம்பித் தொழில் செய்தவர்களுக்குக் கிராப் மட்டுமே கதி. டி3-க்குப் பிறகு, விளக்கொளியை விளக்கொளியாகவே எடுக்க முடிந்தது. அன்று கடன்பட்டு ஃபுல் ஃபிரேம் வாங்கியவர் செய்தது நியாயம்.

இன்று அந்த நியாயம் எல்லோருக்கும் பொருந்தாது. ஃபுல் ஃபிரேமின் பரப்பு இப்போதும் கிராப்பைப்போல இரண்டேகால் மடங்குக்கு மேல். ஒரு ஸ்டாப்பும் கொஞ்சமும் கூடுதல் வெளிச்சம். அந்த இடைவெளி குறையவே இல்லை. ஆனால் இரண்டுமே மேலேறிவிட்டன. 2022-இன் ஃபியூஜி எக்ஸ்-டி5 கிராப்தான், 40 மெகாபிக்சல். இன்றைய கிராப்பில் ஐஎஸ்ஓ 6400-இல் எடுத்து 12×36 ஆல்பத்தில் அச்சிட்டால் யாரும் முகம் சுளிப்பதில்லை.

பாடியின் விலையும் இறங்கிவிட்டது. 2019-இல் கேனான் ஆர்பி 1,300 டாலருக்கே வந்தது. பணம் போவது லென்ஸில். மலிவான ஃபுல் ஃபிரேமோடு எஃப்/4 ஜூமை மாட்டுபவரைவிட, கிராப்பில் எஃப்/1.4 லென்ஸ் வைத்திருப்பவருக்கு இருட்டில் கை ஓங்கும். ஆனாலும் “ஃபுல் ஃபிரேமா?” என்று கேட்டுத்தான் சில வீடுகளில் அட்வான்ஸ் தருகிறார்கள். புதிதாகத் தொழிலுக்கு வரும் பிள்ளைகள் அந்த ஒரு கேள்விக்காகவே தவணையில் சிக்குவதைப் பார்க்க வயிறெரிகிறது.

வாங்குமுன் சென்ற ஆண்டுப் படங்களைக் கணினியில் திறந்து ஒவ்வொன்றின் ஐஎஸ்ஓவையும் பாருங்கள். பெரும்பாலும் 3200-க்குள் இருந்தால் பாடியை மாற்ற வேண்டாம், நல்ல லென்ஸ் ஒன்று வாங்குங்கள். இரவு வரவேற்பும் மேடைக் கச்சேரியுமாக 12800-ஐத் தாண்டியே ஓடுகிறதென்றால் ஃபுல் ஃபிரேமுக்குப் போகலாம். அதற்கேற்ற லென்ஸின் விலையையும் சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டு.