குளோபுலின் மட்டும் கூடியிருந்தால்?

வயது அறுபதைத் தாண்டியவர். ஓயாத சோர்வு, கொஞ்சம் ரத்தசோகை, ஈஎஸ்ஆர் 100-க்கு மேல். காசநோயா, மூட்டுவாதமா என்றுதான் முதலில் தேடுவார்கள், அதில் தவறில்லை. அவை இல்லை என்றானதும் ரிப்போர்ட்டில் யாரும் கண்டுகொள்ளாத குளோபுலின் வரியைப் பார்க்க வேண்டும். அது மட்டும் எகிறியிருந்தால், எலும்பு மஜ்ஜைப் புற்றுநோயான மைலோமாவோடு வால்டென்ஸ்ட்ராம் மேக்ரோகுளோபுலினீமியா என்ற அரிய லிம்போமாவையும் சந்தேகிக்கலாம்.

புரதமே நோயைக் காட்டுகிறது

1944-இல் ஸ்வீடன் மருத்துவர் யான் வால்டென்ஸ்ட்ராம், மூக்கிலும் வாயிலும் ரத்தம் கசிந்த இரண்டு நோயாளிகளைப் பற்றி எழுதினார். அவர்களின் ரத்தத்தில் மூலக்கூறு எடை சுமார் 10 லட்சம் கொண்ட ராட்சதப் புரதம் இருந்தது. இன்று அதை ஐஜிஎம் என்கிறோம். ஐந்து அலகுகள் கோத்த உருவம் என்பதால் ரத்தக்குழாயை விட்டு எளிதில் வெளியேறாது. அளவு மிஞ்சினால் ரத்தம் கெட்டியாகும். மூக்கில் ரத்தம், தலைவலி, மங்கும் பார்வை எல்லாம் அதன் விளைவு. விழித்திரைச் சிரைகள் புடைத்திருப்பதைக் கண் மருத்துவரே முதலில் பார்த்துவிடுவதும் உண்டு.

லேபில் என்ன தெரியும்?

சீரத்தை ஜெல்லில் வைத்து மின்சாரம் செலுத்துவார்கள். ஆல்புமின் தடித்த பட்டையாக முன்னால் ஓடிவிடும். தொற்றுநோய் என்றால் காமா பகுதி அகலமாகக் கலங்கித் தெரியும். இந்த நோயில் அங்கே மெல்லிய, அடர்ந்த ஒற்றைக் கோடு விழும்: ஒரே செல் வம்சம் ஒரே புரதத்தைச் சுரக்கிறது என்று பொருள். அது ஐஜிஎம்தானா என்பதை இம்யூனோஃபிக்சேஷன் என்ற பரிசோதனை சொல்லும். ஆனால் கோட்டை மட்டும் வைத்துப் புற்றுநோய் என்று முடிவுகட்டக் கூடாது. எலும்பு மஜ்ஜைப் பரிசோதனை அவசியம். 2012-இல் கண்டறியப்பட்ட மைடி88 மரபணு மாற்றம் பத்தில் ஒன்பது நோயாளிகளுக்கு மேல் இருப்பதால் அதுவும் கைகொடுக்கிறது.

இனி எப்படிப் போகும்?

2009-இல் வந்த மதிப்பீட்டு முறை ஐந்து விஷயங்களைக் கேட்கிறது. வயது, ஹீமோகுளோபின், தட்டணுக்கள் ஆகியவற்றோடு இரண்டு புரதங்கள்: லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் பீட்டா-2 மைக்ரோகுளோபுலின், டெசிலிட்டருக்கு 7 கிராமுக்கு மேல் ஐஜிஎம். பீட்டா-2 சிறுநீரகம் பழுதானாலும் ஏறும் என்பதால் கிரியாட்டினினையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஐஜிஎம் கூடுதல் என்பதற்காக மட்டும் உடனே மருந்து தொடங்குவதில்லை. தொந்தரவு இல்லாதவர்களை ஆண்டுக்கணக்கில் கண்காணிப்பிலேயே வைத்திருப்பது வழக்கம். வீட்டாருக்குத்தான் அது பதற்றமாக இருக்கும்.

ஏறினால் பயப்பட வேண்டுமா?

சிகிச்சைக்கான ரிட்டுக்ஸிமாப் மருந்தைத் தொடங்கிய சில வாரங்களில் பலருக்கு ஐஜிஎம் திடீரென ஏறும். மருந்து தோற்றுவிட்டது என்று பொருளல்ல, தானாக இறங்கிவிடும். ஏற்கெனவே ஐஜிஎம் டெசிலிட்டருக்கு 4 கிராமுக்கு மேல் இருப்பவர்களுக்கு ரத்தம் மேலும் கெட்டியாகாமல் இருக்க, முன்கூட்டியே பிளாஸ்மா மாற்றம் செய்வதுண்டு. ஐஜிஎம் அளவை ஒவ்வொரு தடவையும் ஒரே லேபில், ஒரே முறையில் பார்ப்பது நல்லது. முறை மாறினால் எண்ணும் மாறும். நோய் முற்றியதாகவோ குணமானதாகவோ தோன்றிவிடும். சிலருக்கு இந்தப் புரதம் குளிரில் உறைந்து படிந்து, அளவைக் குறைத்துக் காட்டும். குளிரில் விரல் நீலம் பாரிப்பவர்கள் அதை முன்னதாகவே சொல்லிவிட்டால், ரத்தத்தை உடல் சூட்டிலேயே வைத்துப் பரிசோதிப்பார்கள்.