விழுந்தாரா? அடி விழுந்ததா?

"குழாயடியில் வழுக்கிவிட்டது."

"ஏணியில் கால் தவறிவிட்டது."

"கதவு இடித்துவிட்டது."

காயத்தோடு ஆஸ்பத்திரிக்கு வரும் பெண்கள் பலர் இப்படிச் சொல்கிறார்கள். சிலர் சொல்வது உண்மை. சிலர் சொல்வது உண்மை அல்ல. அது கணவன் அடித்த காயம். கணவன் பக்கத்திலேயே நிற்பான். பெண் எப்படி உண்மையைச் சொல்வாள்?

டாக்டர் மருந்து போடுகிறார். கட்டுப் போடுகிறார். கேஸ் பேப்பரில் "கீழே விழுந்த காயம்" என்று எழுதுகிறார். பெண் அதே வீட்டுக்குத் திரும்புகிறாள். காயம் ஆறும். ஆனால் அடி நிற்குமா?

இது ஏதோ ஒரு வீட்டுக் கதை அல்ல. இந்திய அரசு 2019 முதல் 2021 வரை குடும்ப நலக் கணக்கெடுப்பு ஒன்றை நடத்தியது. மணமான பெண்களில் 100 பேருக்குச் சுமார் 29 பேர் கணவனின் கொடுமையை அனுபவித்திருப்பதாக அதில் தெரிந்தது. தமிழ்நாட்டில் இது 100-க்குச் சுமார் 38. படித்த வீட்டிலும் இது உண்டு. பணக்கார வீட்டிலும் உண்டு.

டாக்டர் ஏன் கேட்க வேண்டும்?

அடிபடும் பெண் எல்லோரும் போலீசுக்குப் போவதில்லை. வக்கீலிடம் போவதில்லை. தாய் வீட்டுக்கும் சொல்வதில்லை. ஆனால் உடம்புக்கு முடியாவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போகிறாள். வெளியே எங்கும் விடாத கணவன்கூட ஆஸ்பத்திரிக்கு விடுவான். அதனால் அவளது துன்பத்தை முதலில் பார்க்கும் வெளி ஆள் பெரும்பாலும் டாக்டரோ நர்சோதான்.

காயம் மட்டும் அடையாளம் அல்ல. ஓயாத தலைவலி, தூக்கமின்மை, காரணம் தெரியாத வயிற்று வலி, கர்ப்பத்தில் அடிபட்டுக் கரு கலைதல் ஆகியவையும் அடையாளங்களாக இருக்கலாம். எலி மருந்தோ பினாயிலோ குடித்த பெண் "தெரியாமல் குடித்துவிட்டேன்" என்பாள். அதற்குப் பின்னாலும் வீட்டுக் கொடுமை இருக்கலாம்.

பாந்திராவில் பிறந்த 'திலாசா'

2000-ஆம் ஆண்டில் மும்பையில் ஒரு புதிய முயற்சி தொடங்கியது. பாந்திராவில் பாபா மருத்துவமனை இருக்கிறது. அது மாநகராட்சி நடத்துவது. அங்கே மாநகராட்சியும் 'சேஹத்' என்ற அமைப்பும் சேர்ந்து ஓர் உதவி மையம் திறந்தன. அதன் பெயர் திலாசா. இந்தியில் இதற்கு ஆறுதல் என்று பொருள்.

கண் பிரிவு, எலும்புப் பிரிவு போல இதுவும் ஆஸ்பத்திரியின் ஒரு பிரிவு. டாக்டரும் நர்சும் அடையாளம் கண்டு பெண்களை இங்கே அனுப்புவார்கள். இங்குள்ள ஆலோசகர் தனியாக உட்கார வைத்துப் பேசுவார். சட்ட உதவிக்கு வழி சொல்வார். பிறகு குர்லா பாபா மருத்துவமனையிலும் இது வந்தது. இன்னும் பல மாநகராட்சி ஆஸ்பத்திரிகளுக்கும் பரவியது.

ஆனால் ஒன்று புரிந்தது. டாக்டர் கேட்டால்தான் பெண் திலாசாவுக்கு வருவாள். கேட்கும் பழக்கம் டாக்டருக்கு எங்கிருந்து வரும்? படிக்கும் காலத்திலேயே வர வேண்டும்.

மாணவர்களுக்குப் புதிய பாடம்

காயத்தின் நீளம், அகலம், ஆழம் அளக்க மருத்துவ மாணவர் படிக்கிறார். "இது எப்படி வந்தது, அம்மா?" என்று பரிவோடு கேட்கவும் அவர் படிக்க வேண்டும் அல்லவா?

மகாராஷ்டிரத்தில் 2013 முதல் இதற்கான வேலை நடந்தது. சேஹத்தும் அரசின் மருத்துவக் கல்வித் துறையும் நாசிக்கில் உள்ள மருத்துவப் பல்கலைக்கழகமும் இதில் சேர்ந்தன. முதலில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரப்பட்டது. மகப்பேறு, மனநலம், சட்ட மருத்துவம் முதலிய பாடங்களில் பெண்கள் படும் கொடுமை பற்றிய பகுதிகள் தயாராயின. தாணே கல்வாவில் உள்ள மருத்துவக் கல்லூரியும் இந்தப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்ததுதான்.

உலக சுகாதார நிறுவனமும் 2013-இல் டாக்டர்களுக்கு வழிகாட்டி வெளியிட்டது. 2019-இல் பயிற்சிப் பாடம் வெளியிட்டது. அதில் நடித்துப் பழகும் முறை உண்டு. ஒருவர் டாக்டராக நடிப்பார். இன்னொருவர் அடிபட்ட பெண்ணாக நடிப்பார். மற்றவர்கள் பார்த்துக் கருத்துச் சொல்வார்கள்.

அவர்கள் பழகுவது ஐந்து செயல்கள்:

1. குறுக்கே பேசாமல் காது கொடுத்துக் கேட்பது.
2. பெண்ணுக்கு என்ன தேவை என்று விசாரிப்பது.
3. அவளை நம்புவது. "இது உங்கள் தவறு அல்ல" என்று சொல்வது.
4. வீட்டுக்குப் போனால் ஆபத்தா என்று பேசி, பாதுகாப்புக்கு வழி தேடுவது.
5. உதவி கிடைக்கும் இடத்தோடு சேர்த்து வைப்பது.

கணவன், மாமியார் முன்னால் கேட்கக் கூடாது. தனியாகத்தான் கேட்க வேண்டும். "நீ என்ன செய்தாய், அவர் அடிக்க?" என்று கேட்கக் கூடாது. "பொறுத்துப் போ" என்று புத்தி சொல்லக் கூடாது. அடுத்து என்ன செய்வது என்பதை அந்தப் பெண்தான் முடிவு செய்ய வேண்டும்.

நமக்குத் தெரிய வேண்டியவை

குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005-இல் இயற்றப்பட்டது. 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. இந்தச் சட்டப்படி, உதவி கேட்டு வரும் பெண்ணுக்கு ஆஸ்பத்திரி சிகிச்சை தர வேண்டும். "முதலில் புகார் கொடு" என்று திருப்பி அனுப்பக் கூடாது. பரிசோதனை அறிக்கையின் நகலையும் இலவசமாகத் தர வேண்டும்.

கேஸ் பேப்பர் ஒரு சாட்சி. "கணவர் கட்டையால் அடித்தார்" என்று பெண் சொன்னால் அதை அப்படியே எழுத வேண்டும். "விழுந்த காயம்" என்று எழுதிவிட்டால், பின்னால் கோர்ட்டில் உண்மையை நிரூபிப்பது கடினம். எழுதியதைப் படித்துக் காட்டும்படி கேட்கலாம். நகலை வீட்டில் வைப்பது ஆபத்து என்றால் நம்பிக்கையானவரிடம் கொடுத்து வைக்கலாம்.

"டாக்டரிடம் தனியாகப் பேச வேண்டும்" என்று சொல்லத் தயங்க வேண்டாம். 181 என்ற எண் பெண்களுக்கான உதவி எண். உயிருக்கு ஆபத்து என்றால் 112-ஐ அழைக்கலாம்.

டாக்டர் கேட்கப் பழகுகிறார். பெண்களும் சொல்லப் பழக வேண்டும். அடி வாங்கியவருக்கு இதில் வெட்கம் இல்லை. அடித்தவர்தான் வெட்கப்பட வேண்டும்.