விற்போர் இல்லாத பண்டம்

அரசாங்கக் காரியாலயம் ஒன்றுக்கு மேசையோ நாற்காலியோ வேண்டுமாயின் கேள்விப்பத்திரம் கோரப்படும். விற்போர் பலர் தத்தம் விலையைக் குறித்து அனுப்புவர். அவற்றுள் தகுந்ததைத் தெரிந்தெடுப்பது உத்தியோகத்தரின் கடமை. நெடுங்காலமாக வழங்கி வரும் முறை இது, நியாயமான முறையுங்கூட. ஆயின், யாவர்க்கும் விலையின்றிக் கிடைக்கும் காரணத்தினாலேயே விற்போர் இல்லாத பண்டம் ஒன்று இருக்குமாயின், அதன் சார்பிற் கேள்விப்பத்திரத்துக்கு விடை எழுதுபவர் யார்? 2002, 2003 ஆம் ஆண்டுகளில் வட அமெரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் மாநிலச் சட்டசபைகள் சிலவற்றில் எழுந்த ஒரு வழக்கின் உட்கிடை இந்த வினாவேயாகும். பண்டம், திறந்த மூல மென்பொருள்.

கணினி வெறும் பொறி; அதனை இயக்கும் கட்டளைத் தொகுதியே மென்பொருள். வல்லுநர் அதனை முதலில் மனிதர் படித்தறியக்கூடிய ஒரு மொழியில் எழுதுவர். அது மூலநிரல் எனப்படும். பின்னர் அது பொறி மாத்திரம் விளங்கிக்கொள்ளும் எண்களாக மாற்றப்படும். விலைக்கு வரும் மென்பொருள்களுட் பெரும்பாலானவை எண் வடிவிலேயே தரப்படுவன. மூலநிரல் கம்பனியின் பெட்டகத்தில் இருக்கும். பரிகாரியார் குளிகையை மட்டுங் கொடுத்து, வாகட ஏட்டைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிக்கொள்வதை இது ஒக்கும். திறந்த மூல மென்பொருளிலோ ஏடும் கூடவே வரும். எவரும் அதனைப் படிக்கலாம், திருத்தலாம், பிரதி செய்து அயலவருக்கு வழங்கலாம். றிச்சர்ட் ஸ்டோல்மன் என்ற அமெரிக்கர் 1983 இல் இத்தகைய மென்பொருளை ஆக்கும் பணியை அறிவித்தார். 1991 இல் லினஸ் டோவால்ட்ஸ் என்ற பின்லாந்து மாணவர் லினக்ஸ் என்பதன் கருவை எழுதி வெளியிட்டார். இன்று உலகின் பெரும் கணினி நிலையங்கள் பல லினக்ஸின் மேலேயே இயங்குகின்றன.

ஐக்கிய அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள ஒரிகன் மாநிலத்தின் கதையை முதலில் நோக்கலாம். அங்கே 2002 இல் பெரிய பள்ளிக்கூட வட்டாரங்களுக்கு மென்பொருட் கம்பனி ஒன்றிலிருந்து கடிதம் வந்தது. கணினி ஒவ்வொன்றிலும் உள்ள மென்பொருளுக்கு அநுமதிப் பத்திரம் உண்டா என்று கணக்கெடுத்துக் காட்டும்படி அதிற் கேட்கப்பட்டிருந்தது. கம்பனிக்கு அவ்வாறு கேட்கும் உரிமை இருந்தது என்பது மெய்யே. ஆனால் அம்மாநிலத்தின் திறைசேரி அப்பொழுது வறண்டு கொண்டிருந்தது. 2003 ஜனவரியில் வருமான வரியைத் தற்காலிகமாக உயர்த்தும் யோசனையை வாக்காளர் நிராகரிக்கவே, பல பள்ளிக்கூடங்கள் படிப்பு நாட்களையே குறைக்க நேர்ந்தது. அதே வேளையில் போர்ட்லாந்து நகரை அடுத்த பள்ளிக்கூடங்கள் சிலவற்றில் ஆசிரியர்கள், பிறர் கழித்துவிட்ட பழைய கணினிகளைச் சேர்த்து, ஒரு நடுக் கணினியுடன் தொடுத்து, லினக்ஸைக் கொண்டு வகுப்பு நடத்திக் காட்டியிருந்தனர்.

இந்தச் சூழலிலேதான் யூஜின் நகரப் பிரதிநிதி பில் பார்ன்ஹார்ட் 2003 இல் 2892 ஆம் இலக்க மசோதாவைக் கொண்டுவந்தார். அதற்கு ஆதரவாகச் செலவழிக்கச் செல்வர் எவரும் முன்வரவில்லை. தலைநகராகிய சேலத்தில் நடந்த விசாரணைக்குத் தம் தொழிலை ஒருநாள் விட்டுவிட்டு வந்தவர்கள் நிரலர்களும் பயன்படுத்துவோருமே. விற்போர் இல்லாத பண்டத்துக்கு வழங்குவோரே வழக்கறிஞராயினர் எனலாம்.

மசோதா கேட்டதும் மிகையன்று. திறந்த மூல மென்பொருளையே வாங்க வேண்டும் என்று அது விதிக்கவில்லை; புதிதாக மென்பொருள் பெறும்போது அதனையும் கருத்திற் கொள்ள வேண்டும் என்றே கூறியது. எதிர்த்தரப்பில் மின்னணுத் தொழிற் சங்கத்தாரும் வேறு வர்த்தகக் குழுவினரும் நின்றனர். இப்போதுள்ள விதிகள் திறந்த மூலத்தைத் தடுக்கவில்லையே, பின் சட்டம் எதற்கு என்பது அவர்கள் வாதம். நேர்மையான வாதந்தான். ஆயினும் தடை இல்லாமை வேறு, வாசலில் வந்து நிற்க ஆள் இருத்தல் வேறு. விற்பனைப் பிரதிநிதி ஒருவர் தம் சரக்கின் சிறப்பை உத்தியோகத்தருக்கு விளக்கக் காத்திருக்கையில், மற்றச் சரக்கைப் பற்றி எடுத்துரைக்க ஒருவரும் இல்லாதவிடத்து, விதி இரண்டுக்கும் சமமாயிருப்பினும் விளைவு சமமாவதில்லை. மசோதா சபையின் வாக்கெடுப்புக்கு வராமலே முடிந்தது. அதே ஆண்டில் தெக்சாஸ் மாநில மேற்சபையில் ஜோன் கரோனா கொண்டுவந்த மசோதாவும் சட்டமாகவில்லை. இவ்விருவருள் முன்னவர் ஜனநாயகக் கட்சியினர், பின்னவர் குடியரசுக் கட்சியினர் என்பது கவனிக்கத்தக்கது.

இவ்விடத்தே, மாநிலமல்லாத ஒரு நாட்டின் பாராளுமன்றத்தில் எழுந்த கடிதத்தையும் சொல்லாமல் விட முடியாது. பெரு நாட்டில் இத்தகைய மசோதாவை முன்வைத்த எட்கார் வில்லனுவேவா, மென்பொருட் கம்பனி ஒன்றின் முகாமையாளர் தெரிவித்த ஆட்சேபங்களுக்கு 2002 ஏப்ரிலில் விரிவாக விடை எழுதினார். அவ்விடை பல மொழிகளிற் பெயர்க்கப்பட்டுப் பல நாட்டு ஆதரவாளருக்கும் கைநூலாயிற்று. அவர் விலைக்கு முதலிடம் கொடுக்கவில்லை. பொதுத் தகவலைக் குடிமக்கள் தடையின்றிப் பெறுதல், பொதுப் பதிவுகள் நிலைத்திருத்தல், அரசினதும் மக்களினதும் பாதுகாப்பு என்னும் மூன்றையுமே முன்வைத்தார். இவற்றுள் இரண்டாவது ஆழ்ந்து நோக்கற்பாலது. காணி உறுதி ஒன்று 50 வருடங்களின் பின்னும் வாசிக்கப்பட வேண்டியது. அதனைத் திறக்கும் திறவுகோல் ஒரு தனிக் கம்பனியிடம் மாத்திரம் இருந்து, அக்கம்பனி அம்மென்பொருளைக் கைவிட்டால், உறுதி இருந்தும் இல்லாததாகும்.

வட அமெரிக்க மாநிலங்களிற் கைகூடாதது பிரேசிலின் தென்கோடி மாநிலமாகிய ரியோ கிராண்டே டோ சூலிற் கைகூடியது. அதற்கு நிலம் முன்னரே பண்பட்டிருந்தது. மாநிலத் தலைநகரான போர்த்தோ அலெக்ரே, 1989 முதல் நகரசபையின் வரவு செலவுத் திட்டத்தைக் குடிமக்களே கூடி ஆராயும் முறையைக் கைக்கொண்ட நகரம். பொதுப்பணம் எவ்வாறு செலவாகிறது என்று கேட்பது அவ்வூராருக்குப் பழக்கம். அங்கே 2000 ஆம் ஆண்டில் கட்டற்ற மென்பொருள் மாநாடு தொடங்கிற்று. மாணவரும் நிரலரும் அரசாங்கக் கணினி ஊழியரும் ஆண்டுதோறும் அதிற் கூடினர். சட்டசபை அங்கத்தவர் எல்வினோ போன் காஸ் முன்வைத்த மசோதா 2002 டிசம்பர் 19 ஆம் தேதி 11,871 ஆம் இலக்கச் சட்டமாயிற்று. அரசாங்க அலுவலகங்கள் திறந்த மென்பொருளுக்கு முன்னுரிமை தரவேண்டும் என்பது அதன் விதி. வேறொரு மென்பொருள் தெளிவான மேன்மையுடையதாயினும், திறந்த மென்பொருள் ஏற்கெனவே உள்ளவற்றோடு ஒத்து இயங்காதாயினும், மூடிய மென்பொருளையும் பெறலாம் என்று விலக்கும் தரப்பட்டிருந்தது.

சட்டம் நெடுநாள் நிலைக்கவில்லை. தாராளவாத முன்னணிக் கட்சி அதனை நாட்டின் உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டு சென்றது. கேள்விப்பத்திரம் பற்றிய பொதுவிதிகளை ஆக்கும் அதிகாரம் மத்திய அரசுக்கே உரியது என்றும், போட்டியிடுவோரிடையே சமத்துவம் கெடுகிறது என்றும் வாதிடப்பட்டது. 2004 ஏப்ரிலில் நீதிமன்றம் சட்டத்தை இடைநிறுத்தியது. அந்த இடைக்காலத் தடை ஏறக்குறைய 11 ஆண்டுகள் நீடித்தது. மென்பொருள் உலகில் 11 ஆண்டுகள் என்பது ஒரு யுகத்துக்குச் சமானம். சட்டம் எழுதப்பட்டபோது புதிதாயிருந்த கணினிகள் இதற்குள் பழம்பொருளாகிவிட்டன.

இதற்கிடையே, 2012 இல், ஐக்கிய அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம், ஒரிகன் மறுத்ததைப் போன்ற ஒரு சட்டத்தை ஏற்றுக்கொண்டது. மென்பொருள் பெறும் அலுவலகம் திறந்த மூலத்தையும் கருத்திற் கொள்ள வேண்டும் என்பதே அங்கும் விதி.

பிரேசில் வழக்கில் 2015 ஏப்ரில் 9 ஆம் தேதி நீதிபதிகள் ஏகமனதாகச் சட்டத்தை நிலைநிறுத்தினர். கட்டற்ற மென்பொருள் என்பது ஒரு பொருளின் பெயரோ ஒரு கம்பனியின் சின்னமோ அன்று, உபயோகிக்கும் உரிமைபற்றிய ஒப்பந்த நிபந்தனையே என்பது தீர்ப்பின் அடிப்படை. ஆதலின் எந்தக் கம்பனிக்கும் கதவு சாத்தப்படவில்லை. தன் மென்பொருளை அந்த நிபந்தனையின்படி வழங்க முன்வரும் எவரும், அச்சட்டத்தை எதிர்த்தவர் உட்பட, அதே கேள்விப்பத்திரத்துக்கு விண்ணப்பிக்கலாம்.