உணவும் உடற்பருமனும் நினைவாற்றலும்

கல்வி என்பது கற்றல் மட்டுமன்று. கற்றதை மறவாது காத்தலும் ஆகும். அவ்வாறு காக்கும் கருவூலமாகிய மூளை, உடல் எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடே உடையது. ஆயினும், ஓய்ந்திருக்கும் வேளையிலும் உடல் செலவிடும் ஆற்றலில் ஏறக்குறைய 20 விழுக்காட்டை அதுவே பெற்றுக்கொள்கிறது. அவ்வாற்றலைத் தருவது நாம் உண்ணும் உணவே. ஆகவே, உணவுக்கும் நினைவுக்கும் உள்ள உறவை அறிதல் மாணவர்க்கும் முதியோர்க்கும் ஒருங்கே பயன் தரும்.

நாமக்கல் மாவட்டத்துப் புதுச்சத்திரம் வட்டாரத்தை எண்ணிப் பார்ப்போம். ஒருபுறம் மரவள்ளித் தோட்டங்கள், மறுபுறம் கோழிப்பண்ணைகள். மரவள்ளிக் கிழங்கும் அதிலிருந்து பெறும் ஜவ்வரிசியும் பெரும்பாலும் மாவுச்சத்தே. புரதம் மிகக் குறைவு. கோழி முட்டை ஒன்றிலோ ஏறத்தாழ 6 கிராம் புரதம் உண்டு. அதன் மஞ்சட்கருவில் உள்ள கோலின் என்னும் சத்து, நினைவாற்றலுக்கு வேண்டிய அசிட்டைல்கோலின் என்னும் பொருளை ஆக்க உதவுகிறது. இரண்டும் விளையும் மண்ணில் வாழும் நம் தட்டில் எது மிகுந்துள்ளது என்பதே வினா. காலையில் இட்லி, நண்பகலில் சோறு, மாலையில் சிப்ஸ், இரவில் பரோட்டா என மாவுச்சத்தே நாள் முழுதும் தொடர்வதைக் காண்கிறோம்.

உழைப்பால் செலவாகாத மாவுச்சத்து கொழுப்பாக மாறி வயிற்றில் தங்குகிறது. இக்கொழுப்பு வாளாவிருப்பதில்லை. அழற்சியைத் தூண்டும் பொருள்களைக் குருதியில் கலக்கிறது; இன்சுலினின் செயலைத் தளர்த்துகிறது. நாளடைவில் நீரிழிவும் குருதிக் கொதிப்பும் தோன்றி, மூளைக்குச் செல்லும் நுண்குழல்களைக் கெடுக்கின்றன. புதிய செய்திகளை நினைவில் பதிக்கும் ஹிப்போகாம்பஸ் என்னும் மூளைப் பகுதி இக்கேட்டிற்கு எளிதில் ஆட்படுகிறது.

பருத்தவர் யாவரும் மறதியுடையவர் என்று இதற்குப் பொருளன்று. உடலைக் கொண்டு ஒருவர்தம் அறிவை எள்ளுதல் அறியாமை. பல ஆண்டுகள் கழித்து வரக்கூடிய இடரை முன்னரே உணர்த்துவதே இவ்வறிவியலின் நோக்கம். 2020இல் வெளிவந்த லான்செட் ஆணைய அறிக்கை, முதுமை மறதி நோய்க்கு இடமளிக்கும், ஆயினும் மாற்றத்தக்க காரணங்களுள் நடுவயது உடற்பருமனையும் நீரிழிவையும் சேர்த்தது. நம் நாட்டில் வயது வந்தோருள் 39.5 விழுக்காட்டினர்க்கு வயிற்றுப் பருமன் உண்டென, 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் இன்டியாப் ஆய்வு கூறியது. ஆடவர்க்கு இடுப்புச் சுற்றளவு 90 செ.மீ., மகளிர்க்கு 80 செ.மீ. என்னும் வரம்பைக் கடத்தல் நமக்கான எச்சரிக்கையாகும்.

தீர்வு இல்லாமல் இல்லை. பின்லாந்தில் மறதி நோய் வரும் வாய்ப்பு மிகுந்த, 60 முதல் 77 வயது வரையுள்ள 1,260 பேரிடம் ஓர் ஆய்வு நிகழ்ந்தது. ஒரு பிரிவினர்க்கு நல்லுணவு, உடற்பயிற்சி, மூளைப் பயிற்சி, குருதிக் கொதிப்பு முதலியவற்றின் கண்காணிப்பு ஆகியன இரண்டாண்டுகள் அளிக்கப்பெற்றன. அவர்தம் அறிவாற்றல் மற்றவரினும் மேம்பட்டது என 2015இல் அறிவித்தனர். அறுபதிலும் பயன் தரும் இம்முயற்சியை இருபதிலேயே தொடங்குதல் நன்றன்றோ!

வயிற்றில் உணவுக்கும் நீருக்கும் மூச்சுக்கும் மூன்றிலொரு பங்கு விடுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். முன்னுண்டது செரித்தபின் அளவறிந்து உண்ணும் நெறியை வள்ளுவரும் ‘மருந்து’ அதிகாரத்தில் வகுத்துள்ளார். பகலெல்லாம் நோன்பிருந்து, திறக்கும் வேளையில் எண்ணெய்ப் பலகாரங்களால் வயிற்றை நிரப்புதல் அந்நெறிக்கு ஏற்றதாகுமா என எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

சோற்றைச் சிறிது குறைத்து, கீரையும் பருப்பும் முட்டையும் மீனும் சேர்த்துக்கொள்வோம்; கம்பையும் கேழ்வரகையும் மீண்டும் வீட்டிற்குள் அழைப்போம்; நாள்தோறும் அரைமணி நேரம் நடப்போம். முதியோர் மருத்துவரைக் கேளாது உணவைக் குறைத்தல் வேண்டா. இன்று தேர்வுக்குப் படித்தது மட்டுமன்றி, நாளை பேரக்குழந்தைகளின் பெயரும் நம் நினைவில் நிற்க இதுவே வழியாகும்.