பழைய குறியும் புதிய குறியும்

பக்கவாதத்திற்குப் பின் கைப்பயிற்சி பெறுவோரின் வீடுகளில் ஒரு மனக்குறை எழுவதுண்டு: "முன்பு எப்படியோ தம்ளரை எடுத்துக்கொண்டிருந்தார், பயிற்சி தொடங்கிய பிறகு அதுவும் வரவில்லை." இம்மனக்குறை எழும் வாரத்திலேயே பயிற்சி நின்றுபோகும் குடும்பங்களும் உள்ளன. அவ்வாறு நிறுத்துவதற்கு முன், அந்தப் பின்னடைவு ஏன் வருகிறது என்பதை அறிந்துகொள்வது நலம். அதனை விளக்க ஒரு விளையாட்டு நமக்குத் துணைபுரியும்.

நீண்ட கோலால் பந்தை அடித்துக் குழியில் வீழ்த்தும் 'பூல்' ஆட்டம் நம் பகுதியில் அரிது. அதற்கு உறவான ஸ்நூக்கருக்கு 1882இல் விதிகள் வகுக்கப்பட்ட இடம் நம் உதகமண்டலமே என்றாலும், அவ்வாட்ட மேசையைக் கண்டோர் நம்மில் சிலரே. கேரம் பலகையோ அனைவரும் அறிந்தது. இரண்டிலும் குறிபார்க்கும் கணக்கு ஒன்றுதான்.

கேரமில் காயும் குழியும் நேர்க்கோட்டில் அமையாதபோது, காயின் ஓரத்தில் எவ்விடத்தில் பட வேண்டுமோ அவ்விடத்தை நோக்கியே ஸ்ட்ரைக்கரின் நடுவைச் செலுத்துவது பலருடைய வழக்கம். அது தவறான கணக்கு. ஸ்ட்ரைக்கருக்கும் அகலம் உண்டு. அதன் விளிம்பு முன்கூட்டியே காயில் மோதிவிடும். காய் போதிய அளவு திரும்பாது. சரியான முறை வேறு. குழியிலிருந்து காயின் நடு வழியாக ஒரு கோட்டை மனத்தில் வரைந்து, அக்கோட்டில் காயின் மறுபுறத்தைத் தொட்டபடி ஒரு ஸ்ட்ரைக்கர் இருப்பதாகக் கற்பனை செய்ய வேண்டும். அந்தக் கற்பனை ஸ்ட்ரைக்கரின் நடுவே நம் இலக்கு. அது காயின் நடுவிலிருந்து ஏறத்தாழ 3.6 செ.மீ. தள்ளி அமையும். பூல் ஆட்டத்திலும் இவ்வாறே கண்ணுக்குத் தெரியாத ஒரு பந்தைக் கற்பனை செய்து குறிபார்ப்பர்.

பல ஆண்டுகள் ஆடிப் பழகிய ஒருவர் இப்புதிய முறைக்கு மாறினால் என்ன நிகழும்? முதல் சில நாள்களில் அவருடைய ஆட்டம் முன்பைவிடக் கெடும். காரணம், பழைய தவறான குறியை வைத்துக்கொண்டே காயை வீழ்த்துவதற்கு அவருடைய கை தானாகவே ஒரு சிறு திருத்தத்தைக் கற்று வைத்திருக்கிறது. இப்போது கண் சரியான இடத்தைப் பார்க்கிறது. கையோ பழைய திருத்தத்தையும் சேர்த்துச் செய்கிறது. எனவே காய் அளவுக்கு மீறித் திரும்புகிறது. புதிய முறை பொய்யென்று ஆட்டக்காரர் எண்ணுகிறார். உண்மையில், இதுவரை மறைந்திருந்த பழைய பழக்கமே இப்போது வெளிப்படுகிறது.

மூளை இயங்கும் விதமே இது. காட்சியை ஒருபக்கமாக நகர்த்திக் காட்டும் பட்டகக் கண்ணாடியை அணிந்து ஒருவர் பந்து எறிந்தால், முதலில் குறி அந்தப் பக்கமாகத் தவறும். எறிய எறிய, சிறுமூளை ஒவ்வொரு தவற்றையும் அளந்து கையைத் திருத்துகிறது, குறி கூடிவிடும். கண்ணாடியைக் கழற்றியதும், சற்று நேரம் எதிர்ப்பக்கமாகத் தவறும். கற்ற திருத்தம் உடனே மறைவதில்லை. ஆகவே தவறும் எறிகள் வீணல்ல. அவற்றைக் கொண்டே மூளை கற்கிறது.

இனி, தம்ளருக்கு வருவோம். பக்கவாதத்தால் கை வலுவிழந்தவர், முழங்கையை நீட்ட இயலாமையால் உடலையே முன்னால் சாய்த்தும் தோளைத் தூக்கியும் பொருளை எட்டுவார். அது அவர் கண்டறிந்த 'பழைய குறி'. அதையே நெடுநாள் தொடர்ந்தால், முழங்கை நீளும் வாய்ப்புக் குறையும். தோளிலும் வலி சேரலாம். எனவே இயன்முறை மருத்துவர், உடலை நாற்காலியில் சாய்த்து வைத்துக் கையை மட்டும் நீட்டச் சொல்கிறார். குறுக்குவழி அடைபட்டதும் தம்ளர் எட்டாமற்போகிறது. கை மோசமாகிவிட்டது என்று குடும்பம் அஞ்சும் நாள்கள் இவை.

விடாமுயற்சிக்கு ஒரு சான்று உண்டு. ஹங்கேரி நாட்டின் கரோலி டகாச் கைத்துப்பாக்கி சுடுவதில் வல்லவர். 1938இல் இராணுவப் பயிற்சியின்போது கையெறிகுண்டு வெடித்து அவருடைய வலக்கை சிதைந்தது. அவர் இடக்கையால் குறிபார்க்கத் தொடக்கத்திலிருந்து கற்று, மறு ஆண்டே தம் நாட்டின் வாகையர் பட்டத்தை வென்றார். போரினால் 1940, 1944 ஒலிம்பிக் போட்டிகள் நடைபெறவில்லை. 1948இல் இலண்டனிலும் 1952இல் ஹெல்சிங்கியிலும் அவர் தங்கம் பெற்றார். எல்லோருக்கும் இத்தகைய வெற்றி கிட்டும் என்று கூறுவதற்கில்லை. வல்லவர் ஒருவரும் புதிய குறியைத் தொடக்கநிலை மாணவராகவே கற்க வேண்டியிருந்தது என்பதே நாம் கொள்ளத்தக்கது.

வெள்ளிமலையிலிருந்தும் கல்வராயன் மலையின் பிற ஊர்களிலிருந்தும் கள்ளக்குறிச்சிக்கு இறங்கிவர ஒரு நாள் வேலையை இழக்க வேண்டும். ஆதலால் பயிற்சியின் பெரும்பகுதி வீட்டிலேயே நடந்தாக வேண்டும். 2021 ஆகஸ்டு 5 அன்று தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சையும் இல்லம் தேடி வருகிறது. உங்கள் ஊர்ச் செவிலியரிடம் கேட்டுப் பெயரைப் பதிவு செய்யுங்கள்.

மருத்துவர் இசைவளித்தால் கேரம் பலகையே நல்ல பயிற்சிக் கருவியாகும். பலகையை மேசைமேல் வைத்து, முதுகு சாய்ந்திருக்கும் நாற்காலியில் நோயாளியை அமர்த்துங்கள். ஒரே காயை ஒரே இடத்தில் வைத்துப் பல முறை அடிக்கச் செய்யுங்கள். நெடுநேரம் ஒரே மூச்சில் ஆடுவதைவிட, நாளுக்கு இரண்டு மூன்று முறை, களைப்பதற்குள் நிறுத்துவது மேல். எத்தனை காய் விழுந்தது என்பதை எண்ணாமல், எந்தப் பக்கம் தவறியது என்பதைக் குறித்து வையுங்கள். தவறும் அளவு சிறுகச் சிறுகக் குறைவதே முன்னேற்றம்.

உடனிருப்போர் ஒவ்வோர் அடிக்கும் திருத்தம் சொல்ல வேண்டா. பொறுமையிழந்து ஸ்ட்ரைக்கரைத் தாமே வாங்கி அடிக்கவும் வேண்டா. வலுவிழந்த கையைப் பிடித்து இழுப்பது தோளுக்குக் கேடு. மருத்துவர் குறித்த அடுத்த வருகை வரையேனும் புதிய முறையை மாற்றாமல் தொடருங்கள். மாற்றம் இல்லையெனில் குறிப்பேட்டுடன் வந்து காட்டுங்கள். முறையை மாற்றுவதா, நேரத்தை மாற்றுவதா என்பதை அவர் முடிவு செய்வார்.

பயிற்சியில் தோன்றும் தடுமாற்றம் வேறு. நோயின் எச்சரிக்கை வேறு. முகம் திடீரெனக் கோணுதல், கை அல்லது கால் திடீரென மேலும் சோர்தல், பேச்சுக் குழறுதல், பார்வை மங்குதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் காத்திராமல் 108ஐ அழையுங்கள். தோளில் வலியோ வீக்கமோ கண்டால் பயிற்சியை நிறுத்தி மருத்துவரிடம் தெரிவியுங்கள். இவை இல்லாதவரை, குறி தவறும் நாள்களிலும் பலகையை எடுத்து வையுங்கள்.