குட்டையில் விடியற்காலை செத்து மிதக்கும் மீன்கள்: காரணம் விஷமா?

தஞ்சாவூர்:
சொந்தக் குட்டையில் மீன் வளர்ப்போருக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும் நேரம் விடியற்காலை. முந்தின நாள் துள்ளிய மீன்கள் செத்து மிதக்கும். யாரோ விஷம் வைத்துவிட்டதாக சண்டை வருவதும் உண்டு. ஆனால் பல நேரம் காரணம் ஆக்சிஜன் பற்றாக்குறைதான்.

பகலில் பாசி ஆக்சிஜனை வெளியிடும். இரவில் பாசியும் மீனும் சேர்ந்து அதை இழுத்துக்கொள்ளும். மேகமூட்டம் என்றால் ஆபத்து அதிகம்.

நிறைய குஞ்சு விட்டால் நிறைய மீன் என்பது தப்புக்கணக்கு. ஏக்கருக்கு 2 ஆயிரம் முதல் 4 ஆயிரம் குஞ்சுகள் போதும். கட்லா மேல்மட்டத்திலும், ரோகு நடுவிலும், மிர்கால் அடியிலும் இரை தேடுவதால் மூன்றையும் கலந்து விடலாம். குஞ்சு விடும் முன் விராலைப் பிடித்து அகற்றாவிட்டால் அத்தனையையும் தின்றுவிடும்.

மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தால் தீவனம், சாணம் போடுவதை உடனே நிறுத்தி, மோட்டார் போட்டு தண்ணீரை உயரத்தில் இருந்து கொட்டவிட வேண்டும்.